ஈயம் தொடாத ஸ்கோர்போர்டு

குலசேகரம் பினாங்குத் துறைமுக அலுவலகத்தில் பெரிய கிளார்க். ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் என்றுதான் சொல்வார். 1984-இல் ஊர்த் தமிழர் சங்கத்துப் பேட்மிண்டன் இறுதியாட்டத்துக்கு எலெக்ட்ரானிக் ஸ்கோர்போர்டு செய்து தருவதாகக் கூட்டத்தில் வாயை விட்டுவிட்டார். அதோடு நிற்கவும் இல்லை. "ஒரு சொட்டு ஈயம் படாது. எல்லாம் வயர் ராப்பிங். சோல்டர் வைக்கிறது ஃபேக்டரிப் பெட்டையளின்ரை வேலை" என்று வேறு சொல்லி வைத்தார். இத்தனை வருஷமாகச் சாக்பீஸால் ஸ்கோர் எழுதிவந்த விஸ்வலிங்கம் புன்னகை செய்தார். அந்தப் புன்னகை குலசேகரத்தைத் தூங்கவிடவில்லை.

வயர் ராப்பிங் பெரிய மந்திரம் இல்லை. சிப் உட்காரும் சாக்கெட்டின் நீளக் கால்கள் பலகைக்கு அடியில் ஆணி போல நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய வயரின் நுனியை உரித்து, சின்னக் கருவியால் அந்தக் காலில் ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றினால் போதும், ஈயத்தை உருக்கி ஒட்டவே வேண்டாம். குலசேகரம் நன்றாகத்தான் சுற்றினார். பதினொரு சிப், முந்நூறு வயர், இரண்டு மாதம். சடை பின்னினால்கூட இவ்வளவு ஒழுங்காக வராது என்று மனைவி செல்வநாயகியே ஒப்புக்கொண்டாள்.

ஆட்டம் சனிக்கிழமை மாலை. அன்று காலையில் சுவிட்சைப் போட்டார். ஒரு எண்ணும் எரியவில்லை, இரண்டு சிப் மட்டும் விரலைச் சுட்டன. அவற்றை மாற்றிப் போட்டார், சிப்புகளின் படம் போட்ட புத்தகத்தைப் புரட்டினார், சிப் விற்ற கடைக்காரனைத் திட்டினார். மானம் கப்பலேறப் போகிறது, அதுவும் தான் வேலை பார்க்கும் துறைமுகத்திலேயே.

செல்வநாயகி யாரையும் கேட்காமல் பக்கத்து வீட்டு ருக்குமணியைக் கூட்டிவந்தாள். பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆறு வருஷமாகச் சோல்டர் வைக்கிறவள்.

"இவளுக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் காலமையிலையிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறமே" என்றாள் செல்வநாயகி.

ருக்குமணி பலகையைக் கவிழ்த்தாள், புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அங்கிள், புக்கில உள்ள படம் மேலேருந்து பார்த்தது லா. நீங்க கீழேருந்து சுத்தியிருக்கீங்க. ஒண்ணாம் கால்னு நினைச்சுச் சுத்தினது பதினாலாம் காலு."

குலசேகரம் கால்களை விரலால் எண்ணிப் பார்த்தார். முந்நூறு வயரும் இடம் வலம் மாறிக் கிடந்தன. அவிழ்த்துச் சுற்ற இன்னும் இரண்டு மாதம் வேண்டும். கையில் இருந்தது ஆறு மணி நேரம்.

"வயரைத் தொட வேணாம். சிப்பு எல்லாத்தையும் கழட்டி அடிப்பக்கம் வச்சிரலாம். இந்தப் பக்கத்திலேருந்து பார்த்தா எல்லாம் சரிதானே? காலோட கால் சேர்த்து சோல்டர் வச்சாப் போதும்."

ஈயமா! அவர் விஸ்வலிங்கத்தின் புன்னகையை நினைத்துப் பார்த்தார். "வை பிள்ளை" என்றார்.

வீட்டிலிருந்து எடுத்துவந்த சோல்டர் அயர்ன் சூடாகும்போது ருக்குமணி கேட்டாள்: "ஒண்ணு மட்டும் செய்யுங்க அங்கிள். இன்னைக்கு வர்ற சிறப்பு விருந்தாளி எங்க மேனேஜர் கமால். டெக்னீஷியன் வேலைக்கு மூணு தடவை எழுதிப் போட்டேன். என்னை மாதிரி ஆப்பரேட்டருக்கு சர்க்கிட் புரியாதுன்னு திருப்பிட்டாங்க. மேடையில என் பேரைச் சொல்லுங்க."

"சொல்லாமல் விடுவனே?"

நூற்றைம்பது கால்களுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்தது போல ஈயம் பளபளத்தது. இரண்டு மணிக்கு எண்கள் சிவப்பாக எரிந்தன. குலசேகரத்துக்கு அழுகை வந்தது. கண்ணில் புகை பட்டுவிட்டது என்றார்.

மாலையில் ஸ்கோர்போர்டு ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. ஆட்டம் முடிந்ததும் கமால் பின்மூடியைத் திறக்கச் சொன்னார். அடிப்பக்கம் ஏறி உட்கார்ந்திருந்த சிப்புகளைக் கண்டு, இப்படி யோசிக்கிற ஆள் தன்னிடம் இல்லையே என்று ஆங்கிலத்தில் வியந்தார். மைக் குலசேகரத்தின் கைக்கு வந்தது. அவர் விஸ்வலிங்கத்தின் பக்கம் ஒரு முறை பார்த்தார். ஆனாலும் சொன்னார், கமாலுக்கும் புரியும்படி ஆங்கிலத்திலேயே சொன்னார்: "இது என் மூளை இல்லை. நான் எல்லா வயரையும் மாற்றிச் சுற்றிவிட்டேன். கண்டுபிடித்துச் சரிசெய்தது ருக்குமணி. உங்கள் தொழிற்சாலை ஆப்பரேட்டர்தான். அதோ, கடைசி வரிசையில்."

குலசேகரம் தப்பை ஒப்புக்கொண்டு அந்தச் சங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே அது தன்னடக்கம் என்று முடிவாயிற்று. மண்டபம் சிரித்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. "என்ன பெருந்தன்மை!" என்று விஸ்வலிங்கமே உருகிப்போனார். கமால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, தங்கள் டெக்னீஷியன்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்.

பெயர் சொன்னதும் ருக்குமணி எழுந்து நின்றிருந்தாள். எல்லோரும் எழுந்து நின்றதால் அது யாருக்கும் தெரியவில்லை. குலசேகரத்துக்கு மட்டும் தெரிந்தது. அவர் மறுபடியும் மைக்கை வாயருகே கொண்டுபோனார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒன்று அவருக்குக் கிடைத்ததில்லை. அது முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நின்றார். முடிந்ததும் தேநீருக்கு அழைத்தார்கள். போனார்.