நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்தெட்டு

ஷாஹிரை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. சின்னச் சங்கங்களைக் கைதூக்கி விடுகிறோம் என்று எங்கள் ஊரான ஸர்க்காவில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. பயிற்சி தருவார்கள், இடம் தருவார்கள். அதில் அவர் அதிகாரி. கைதூக்கி விட வந்த மனுஷன் எங்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கையில் சங்கத்தின் பலத்தை அளக்க முப்பது கேள்விகள் கொண்ட தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து மதிப்பெண். எவ்வளவு என்று சங்கமே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

எங்கள் சங்கம் காது கேளாத பிள்ளைகளுக்கானது. பதினாலு பிள்ளைகள், ஆசிரியை நான் ஒருத்தி, தலைவி உம் குதைபா. கூட்டமைப்பின் கட்டடத்தில் கீழ்த்தளத்து அறை ஒன்றை எங்களுக்கு விட்டிருந்தார்கள். பழைய மெத்தைகளைப் பிரித்து நாலு சுவரிலும் நாங்களே ஆணி அடித்திருந்தோம். வெளியே லாரி போனாலும், காஸ் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாய்ச் சுற்றினாலும் உள்ளே ஒன்றும் கேட்காது. காதில் கருவி மாட்டிய பிள்ளைக்கு வெளியே எல்லாம் ஒரே இரைச்சல். அந்த அறையில்தான் மனிதக் குரல் தனியாகக் கேட்கும். ஆறு வயது லமார் அங்கேதான் முதல்முறையாக "யும்மா" என்றாள். அவள் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஷாஹிர் தாளோடு வந்த அன்று உம் குதைபா ஏலக்காய் போட்ட காபியும் பேரீச்சை வைத்த பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அந்த நொடியிலிருந்து அவர் விருந்தாளி. அவள் வளர்ந்த வீட்டில் அடுப்படி காலியாகக் கிடந்தாலும் விருந்தாளி காதில் 'இல்லை' என்ற சொல் விழக்கூடாது.

"எழுத்துல திட்டம் இருக்கா அக்கா?"

"இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்."

இருந்தது, மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில்.

"உங்களுக்கு அப்புறம் நடத்த ஆள் இருக்கா?"

"ஏன் இல்லாம? அல்லாஹ் ஒரு குறையும் வைக்கலை. அஞ்சே போட்டுக்க தம்பி. பிஸ்கட் எடு, கையே வைக்கலையே!"

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். "காலை எடுடி" என்று சிரித்த முகம் மாறாமல் முணுமுணுத்தாள். கம்ப்யூட்டர் கேள்விக்கு மட்டும் மூன்று விழுந்தது; மேசை காலியாக இருந்ததை அவரே பார்த்துவிட்டார். மொத்தம் நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்தெட்டு.

ஷாஹிர் என்ன வேற்றூர்க்காரரா? விருந்தாளியிடம் சொல்லும் 'இருக்கு' எப்படிப்பட்டது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதிக்கொண்டார். தங்களால் ஒரு சங்கம் சொந்தக் காலில் நின்றுவிட்டது என்று காட்ட அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, படுபாவி!

இரண்டு மாதம் கழித்து அம்மானில் பெரிய ஹோட்டலில் விழா எடுத்து, 'தன் காலில் நிற்கும் சங்கம்' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் கடிதம் வந்தது. தன் காலில் நிற்பவர்களுக்கு இனி ஆதரவு தேவையில்லை. முப்பது நாளில் அறையைக் காலி செய்யுங்கள், வேறொரு பலவீனமான சங்கத்துக்கு அது வேண்டும்.

நானும் உம் குதைபாவும் அவருடைய அலுவலகத்துக்குப் போனோம். காபி வந்தது. நான் கிண்ணத்தை வாயில் வைக்காமல் அப்படியே மேசையில் வைத்தேன். கோரிக்கையோடு வந்தவர்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். காபி கொடுத்தவர் 'குடி, உன் காரியம் முடிஞ்சது' என்று வாக்குக் கொடுக்கும்வரை தொடமாட்டார்கள். கொலைப்பகையே இந்த ஒரு கிண்ணத்தில் தீர்ந்திருக்கிறது.

ஷாஹிர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"ருதைனா அக்கா, இது ஆபீஸ். ஷேக்கோட கூடாரம் இல்லை. குடிங்க, ஆறிடும்."

"பதினாலு பிள்ளைங்க உஸ்தாத்! எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"மார்க்கு நீங்களே போட்டது. இப்ப வந்து ஒண்ணுமில்லைன்னு அழுதா எப்படி?"

உம் குதைபா தன் காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும் நடுத்தெருவில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் கௌரவம் பெருசுக்கா! அதை வச்சு லமாரோட வாயை அடைச்சிட்டே. இனி அவ ஊமையாவே கிடக்கட்டும், நீ கேடயத்தைத் துடைச்சு துடைச்சு வை!"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஷாஹிர் அவள் வீடு தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். காபி ஊற்றினாள். வாங்கியவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

"எனக்கு ஒரு காரியம் ஆகணும் அக்கா. எங்களுக்கு உதவி பண்ற ஹாலந்துக்காரங்ககிட்டேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. கேடயம் வாங்கின சங்கத்தைப் பார்க்கணுமாம். காலி பண்ணாம, அன்னிக்கு நீங்க அந்த அறையில பிள்ளைங்களோட இருக்கணும்."

"ஏன் உஸ்தாத், இது என்ன கூடாரமா?" என்றேன். "குடிங்க, ஆறிடும்."

உம் குதைபா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "குடி தம்பி. உன் காரியம் முடிஞ்சது."

காபிக் கூஜாவை எடுத்து அவள் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. சே, இவளெல்லாம் ஒரு தலைவி!

ஹில்டே என்ற அந்த அம்மா வந்தாள். பத்து வருஷம் அம்மானில் இருந்தவள். எங்கள் மொழியே பேசினாள். பக்கத்தில் ஷாஹிர், புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு. லமார் "யும்மா" சொல்லிக் காட்டினாள். கேடயத்தைப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது வழக்கமாகக் கேட்பதைத்தான் ஹில்டே கேட்டாள்.

"எல்லாம் நல்லா நடக்குதா?"

உம் குதைபா கூஜாவோடு நின்றிருந்தாள். 'இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்' என்று அவள் சொல்லப்போவதை என் வாயே முந்திக்கொண்டு முணுமுணுத்தது.

"இல்லை" என்றாள் அவள்.

ஷாஹிர் நிமிர்ந்தார்.

"திட்டம் இல்லை. எனக்கப்புறம் ஆள் இல்லை. இருக்கறது இவ ஒருத்தி, இவளுக்குக் காய்ச்சல் வந்தா பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இன்னும் ஆறு நாள்ல இந்த அறையும் இல்லை."

"அக்கா, நீங்கதானே அஞ்சு அஞ்சா போட்டீங்க..."

"நீ என் விருந்தாளியா வந்து கேட்டே. விருந்தாளிகிட்ட சொல்றதைச் சொன்னேன். உன்னைப் பெத்தவ யார்கிட்டயாவது இல்லைன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? தெரிஞ்சுதானே எழுதிட்டுப் போனே?"

ஹில்டே அவரிடம் அந்த மார்க்குத் தாளைக் கேட்டு வாங்கினாள். லமாரின் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக மறுபடி கேட்டாள். உம் குதைபா தரையைப் பார்த்தபடி 'இல்லை', 'இல்லை' என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் நாற்பத்தொன்று வந்தது. இப்போது நாங்கள்தான் பலவீனமான சங்கம்; இரண்டு வருஷத்துக்கு அறை எங்களுக்கே என்று அங்கேயே எழுதி ஷாஹிரின் கையெழுத்தும் ஆனது.

அவர்கள் போனதும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என் கையைப் பிரித்துத் தள்ளினாள்.

"விடு. வந்தவங்க முன்னால என் வீட்டுக் குறையை நானே அவிழ்த்துக் காட்டிட்டேன். எங்க வம்சத்துல எவளும் செய்யாததைச் செஞ்சேன். லமாருக்காகச் செஞ்சேன், உனக்காக இல்லை. நடுத்தெருவுல நீ சொன்னது இன்னும் என் காதுல இருக்கு."

அதற்குப் பிறகும் அவள் தினமும் வருகிறாள். பிள்ளைகளைக் கொஞ்சுகிறாள், வருகிறவர்களுக்கெல்லாம் காபி ஊற்றுகிறாள், எனக்கும்தான். என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வியாழக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. அவள் கொடுத்த கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் அவள் முன்னால் வைத்தேன். என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். கூஜாவை மூடி ஓரமாக வைத்தாள்.

"குடி" என்றாள். "ஆறிடும்."