பித்தளையான தேக்சா

காரைக்காலில் ஜமாஅத்துக்குச் சொந்தமான செம்புத் தேக்சா சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலை பித்தளையாக இருந்தது. புதன்கிழமை வரை அது செம்பு. ஊரே சாப்பிடும் அளவுக்குப் பிரியாணி வேகும் அந்தப் பாத்திரம், அடுத்த கல்யாணம் எந்த வீட்டிலோ அந்த வீட்டின் பொறுப்பில் இருப்பது வழக்கம். அப்போது இக்பாலின் வீட்டில் இருந்தது. மகள் நௌஷினுக்கு மறுவாரம் நிக்காஹ். இக்பாலுக்குத் துறைமுகத்தருகே படகுச் சாமான் கடை. விசைப்படகின் அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகளை விற்பார். கடல் உப்பு அந்தக் கட்டியைத் தின்று பசியாறி, படகின் விசிறியை விட்டுவிடும். மழையில் கடை ஒழுகியதால் ஒரு மூட்டைக் கட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈயம் பூச உட்புறம் சுரண்டி வைத்திருந்த தேக்சாவுக்குள் போட்டார். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. விடிந்தபோது கட்டிகள் இல்லை. பாத்திரம் மஞ்சளாக மின்னியது.

பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கவனிக்கும் முத்தவல்லி மதார் சாகிப் ஆட்களோடு வந்து, பழைய கல்யாணப் படங்களைக் கைபேசியில் வைத்து ஒப்பிட்டார். நசுங்கல்கள் அதே இடங்களில் இருந்தன. நிறுத்துப் பார்த்ததில் எடை கூடியிருந்தது. திருடுகிறவன் எடையைக் கூட்டுவானா என்று ஒருவர் கேட்க, அதுதான் தந்திரம் என்றார் இன்னொருவர்.

"தம்பி, செம்பு தானாப் பித்தளையாகுமா? நாங்க என்ன காதுல பூ சுத்திக்கிட்டா வந்திருக்கோம்?" என்றார் மதார் சாகிப். செம்பு வரும்வரை நிக்காஹ் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து ஊரான பூவத்துச் சம்பந்தி வீட்டார் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். அன்று பகல் மனைவி கமருன்னிசா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நின்றாள். "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. எங்க வித்தீங்க?" இக்பால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, தன் சொல்லை நிரூபிக்க இக்பால் கேட்டுக்கொண்டபடி, பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு செம்பு அண்டாவுக்குள் துத்தநாகக் கட்டிகளைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். காலை முழுக்கக் கண் எடுக்காமல் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கச் செம்பு இன்னும் சிவந்ததே தவிர மாறவில்லை. பாங்கு சொன்னதும் வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு, இக்பாலை இருவருக்கு நடுவே நிறுத்தித் தொழுதார்கள். எல்லா நெற்றியும் தரையில் பட்டிருந்த நேரத்தில் முற்றத்திலிருந்து சோடா உடைத்தாற்போல ஒரு சத்தம் வந்தது. தொழுகை முடிந்து வந்தபோது அண்டா பித்தளை.

மதார் சாகிப் நகத்தால் கீறினார், முகர்ந்தார், நாக்கில் வைத்தும் பார்த்தார். பிறகு, "பாத்துக்கிட்டே இருந்தா ஆவாது போல" என்றார். நிக்காஹுக்குத் தடை நீங்கியது. பூவத்திலிருந்து வந்தவர்கள் பாத்திரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டார்கள், குறை சொல்லவில்லை.

மகளை அனுப்பிவைத்த பிறகும் இக்பால் கமருன்னிசாவிடம் பேசவில்லை. ஒரு மாலை அவள், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த செப்புக் குடத்தைக் கூடத்தின் நடுவே வைத்தாள். கடைக்குப் போய்த் தானே கேட்டு வாங்கி வந்த கட்டி ஒன்றை அதனுள் போட்டாள். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்து, குடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சற்று நேரம் பொறுத்து அவரும் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அவள் போட்டு வைத்திருந்த தேநீர் ஆறியது. பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.