பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து

கிராம நிர்வாக அலுவலகத்து வாசலில் தங்கமாரியும் அவள் கணவர் பால்ச்சாமியும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று நாளாக இதே அலைச்சல்.

மகளுக்குத் தனியார் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் கட்டணத்தில் பெரும்பகுதி கழியும். இல்லாவிட்டால் லோன்தான். பால்ச்சாமியின் அண்ணன் டிராக்டர் லோனை அடைக்க முடியாமல் நிலத்தை இழந்த பிறகு, அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

சிக்கல் ஒன்றுதான். தங்கமாரி கல்யாணத்துக்குப் பிறகு தபால்வழியில் படித்துப் பட்டம் வாங்கியவள்.

"வி.ஏ.ஓ. ஊருக்குப் புதுசு. ஒருத்தரும் படிக்கலைன்னு சொல்லிருவோம்" என்று பால்ச்சாமி நேற்றே சொல்லிவிட்டார். விசாரிக்க வீட்டுக்கு வந்தாலும் வருவார் என்று, பட்டமளிப்பில் கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோவைத் தங்கமாரி சுவரிலிருந்து கழற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஒருவழியாக வி.ஏ.ஓ. உள்ளே கூப்பிட்டார்.

"வீட்டுல டிகிரி முடிச்சவுக யாரும் இருக்காகளா?"

"இல்லைங்க சார்" என்றார் பால்ச்சாமி.

"அப்ப அதையே எழுதிருக்கிற இந்தத் தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க." அலுவலர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

பால்ச்சாமி போட்டார். தங்கமாரியும் போட்டாள். பேனாவைத் தாளிலிருந்து எடுத்த பிறகுதான் பார்த்தாள்: 'பா. தங்கமாரி, பி.ஏ.' மகளிர் குழு நோட்டிலும் பள்ளிக்கூடத் தாளிலும் வருஷக்கணக்காகப் போட்டுப் பழகிய கை.

"ஏ புள்ள, டிகிரி இல்லைன்னு எழுதுன தாள்லயே டிகிரியப் போட்டிருக்க!" அலுவலருக்குக் கேட்காமல் கிசுகிசுத்த பால்ச்சாமிக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

"அடிச்சிரவாங்க?"

பேனா முனை 'பி'யின் மேல் நின்றது. பால்ச்சாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அருப்புக்கோட்டையில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும்போதெல்லாம், லோடு ஏற்றி வலித்த தோளில் மகளைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றவர் அவர்.

பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், தப்பாச் சொல்லிட்டேன். எங்க வீட்டு மொதப் பட்டதாரி இவுகதான்."

கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் 'இவ'தான். தங்கமாரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப சான்றிதழ் வராதேப்பா."

"தெரியும் சார்."

வெளியே வந்ததும் மகள் போன் செய்தாள். பால்ச்சாமி நடந்ததைச் சொல்லிவிட்டு, "லோனு வேணாம் பாப்பா. அரசு காலேஜுல கெமிஸ்ட்ரி கெடைச்சதுல்ல, அதுல சேந்துக்கிறியா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அந்தக் காலேஜுக்கு டவுன் பஸ்ஸுதான், பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் இல்ல. சரிப்பா. அம்மாவத் திட்டாம கூட்டிட்டு வாங்க."

தங்கமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டெழுத்த அடிச்சிருக்கலாம்ங்க."

"நீ அடிக்கிறத என்னால பாக்க முடியல" என்றார் பால்ச்சாமி. "நட, வெயில் ஏறுது."