உயிரோடிருந்தவனுக்குக் கருமாதி

செத்துப்போன அப்பாவைக் குளிப்பாட்ட வெந்நீர் தூக்கி வரும்போதுதான் சுதர்ஷினியின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. தேயிலைத் தோட்டத்து லயவீட்டு வரிசைக்கு முன்னால் தகரக் கொட்டகையில் தோட்டத் தலைவர் செல்லசாமி நாலு பெரியவர்களோடு உட்கார்ந்து, கொள்ளிக்குடம் யார் தூக்குவது என்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். பெற்ற மகன் கோழிக்கூட்டுப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். அப்படியும் யார் என்றொரு கேள்வி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

செல்லசாமியைச் சொல்லியும் குற்றமில்லை. மகன் விஜிதரனுக்கு அப்பா அழகுமுத்து தன் கையாலேயே கருமாதி செய்து முடித்திருந்தார். கொழும்பில் கடையில் நின்ற பையனைச் சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த முகாம், எந்தச் சிறை, ஒரு தகவலும் இல்லை. சில வருஷம் போனபின் அப்பா கொழும்புக்கு விசாரிக்கப் போய்வந்து, பையன் உள்ளேயே செத்துவிட்டான் என்றார். ஆற்றங்கரையில் பிண்டம் வைத்து, படத்துக்கு மாலையும் போட்டார்.

அதற்கும் பல வருஷம் கழித்து, குற்றம் ஒன்றும் இல்லையென்று அவனை விட்டார்கள். பொகவந்தலாவை பஸ்ஸில் வந்து இறங்கியவன், மாலை போட்ட தன் படத்துக்குக் கீழேயே நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டான். அதோடு சரி, கோயில் வாசலை மிதிக்கவில்லை. கருமாதி செய்த நாளிலிருந்து அப்பாவும் மிதித்ததில்லை; மகன் போன துக்கம் என்று ஊர் நினைத்தது, சுதர்ஷினியும் அப்படித்தான் நினைத்தாள். அப்பனும் மகனும் ஒரே அறைக் காம்பராவில் படுத்து எழுந்தார்கள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

"பெத்தவன் கையால கருமாதி வாங்குனவன் கொள்ளிக்குடம் தூக்கக்கூடாதுங்க. போற ஆத்துமாவுக்கு வழி கெடைக்காது. பங்காளி மகன் முத்துலிங்கம் தூக்கட்டும்" என்றார் செல்லசாமி.

சுதர்ஷினிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வெந்நீரை வைத்துவிட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு அண்ணனிடம் போனாள். அவன் செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டான்.

"அவங்க சொல்றது சரிதானே சுதா" என்றான். "உள்ள கெடந்தப்ப தெனமும் மாரியாத்தாள கும்புடுவேன். அப்பா வெளிய தேடிக்கிட்டிருப்பாருன்னு நெனச்சுத்தான் அடியெல்லாம் தாங்குனேன். அவரு மாலையப் போட்டுட்டு உக்காந்துட்டாரு."

அவளுக்கு மோஷே தாத்தாவின் ஞாபகம் வந்தது. இஸ்ரேலில் அவள் பராமரித்த யூதக் கிழவர். சின்னப் பையனாக ஜெர்மன்காரனின் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். மகன் செத்துவிட்டான் என்று யாரோ சொன்னதை நம்பி, வேறு ஊரில் தப்பிப் பிழைத்திருந்த அவருடைய அப்பா, இறந்தவர்களுக்கு அவர்கள் சொல்லும் செபத்தை மகனுக்காகச் சொல்லிவிட்டார். பையன் எலும்பும் தோலுமாக வந்து நின்றான். முகாமில் கடவுள் தன்னைப் பார்க்க வரவில்லை, இனித் தானும் அவரைப் பார்க்கப் போவதில்லை என்று மோஷே தாத்தாவுக்கு ஒரு வீம்பு. ஆனாலும் அந்த அப்பா இறந்த பிறகு, வருஷா வருஷம் அந்த நாளில் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி செப ஆலயத்துக்குப் போய் அதே செபத்தைச் சொல்வார். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம், முழுக்க முழுக்கக் கடவுளின் புகழாம். சொல்லி முடித்து வரும் வழியெல்லாம் கடவுளைத் திட்டுவார். நம்பிக்கையில்லாமல் ஏன் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, அப்பா எனக்குச் சொன்னார், நான் அவருக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்றார். பிறகு அங்கே சண்டை வந்து, அடுத்த வீட்டுப் பேரனைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவரே அந்த வாசலுக்குப் போய், யார் வந்து என்ன சொன்னாலும் அந்தச் செபத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான்.

"அவரு பெரிய மனுசன். என்னால ஆகாது" என்று கோப்பையைக் கீழே வைத்தான்.

மலை உச்சியில் மூட்டம் இறங்க ஆரம்பித்தது. தப்புக்காரர்கள் மேளத் தோலை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி முத்துலிங்கத்தைக் கூப்பிட்டு வேட்டியை மாற்றச் சொன்னார். அப்போதுதான், நேற்றிலிருந்து அழாமலும் பச்சைத் தண்ணீர் குடிக்காமலும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நாகலெட்சுமி வாயைத் திறந்தாள்.

"அது கருமாதியே இல்லங்க."

தப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மகன் வர்ற வரைக்கும் ஒரு பருக்க சோறு திங்கமாட்டேன்னு மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு, வெறும் தேத்தண்ணியில கெடந்தேன். எந்திரிக்கவே முடியாமப் போச்சு. இந்த மனுசன் கொழும்புக்கே போகல. அட்டன் டவுனு வரைக்கும் போயி திரும்பி வந்து, மகன் செத்துட்டான்னு சொன்னாரு. பிண்டத்த வச்சிட்டு வந்து, அவரே சோத்தப் பெசஞ்சு ஊட்டுனாரு."

"பொய்யின்னு ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார் செல்லசாமி.

"ஊட்டுன கை நடுங்குச்சு. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா தின்ன?"

"பசிச்சுச்சு" என்றாள் அம்மா.

அம்மா மகன் பக்கம் திரும்பினாள். அவன் வந்ததுமே சொல்லிவிடலாம் என்று தான் எவ்வளவோ கேட்டதாகவும், நேர்த்தியை முறித்துத் தின்றவள் என்று ஊர் உன்னைப் பேசும், அவன் என்னையே வையட்டும் என்று மனுஷன் தன் வாயை அடைத்துவிட்டதாகவும் சொன்னாள். சாமிக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்றுதான் அவர் கோயிலுக்கும் போகவில்லையாம். சொல்லிவிட்டு அப்பாவின் நெற்றியில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

விஜிதரன் எழுந்தான். தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போய், நாவிதர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். செல்லசாமி வானத்தைப் பார்த்தார். மழைக்கு முன்னே தூக்கிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பெண்கள் ரோடு திரும்பும் முடக்கோடு நின்றுவிட்டார்கள். மற்றதை முத்துலிங்கம் வந்து சொன்னான். குடத்தோடு மூன்று சுற்றும் அண்ணன் ஒழுங்காகச் சுற்றினானாம். சாமியைக் கும்பிடச் சொன்னபோது கையைக் கூப்பவில்லையாம். ஆனால் குழியில் ஒரு பிடி மண் போட்டால் போதும் என்று சொல்லியும் கேட்காமல், முழங்காலிட்டு இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே இருந்தானாம். பிடித்துத் தூக்கவேண்டியதாகிவிட்டது.

பொழுது சாய அடுத்த லயத்திலிருந்து சோறும் பருப்பும் வந்தன. சுதர்ஷினி எவ்வளவு கெஞ்சியும் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விஜிதரன் சோற்றுக் கோப்பையை வாங்கினான். மொட்டைத் தலையில் தண்ணீர் காயாமல், அம்மாவுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தான். நகக்கண்ணில் மண் இன்னும் போகவில்லை. சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி நீட்டினான்.

கை நடுங்கியது. அம்மா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்தாள்.