மாமா பார்த்த மாப்பிள்ளைகள்

வடகிழக்கு மலைகளில் வாழும் எங்கள் காசி ஜனங்களில் பிள்ளைகளுக்கு அம்மாவின் குலம்தான். வீட்டுக் கல்யாணப் பேச்சில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். தெய்போர் மாமா அந்தச் சட்டத்தைப் பன்றிக் கொட்டில் வரை நீட்டியதில்தான் எனக்குத் தலைவலி தொடங்கியது.

அரசுப் பண்ணையிலிருந்து அவர் வாங்கி வந்த சீமை ஆண் பன்றிக்கும் எங்கள் நாட்டுப் பன்றிக்கும் பிறந்தவள்தான் நாங்கள் 'மேடம்' என்று கூப்பிடும் பெண் பன்றி. தோளில் வெள்ளைப் பட்டையும், நல்ல உடம்பும், நாட்டு ரத்தத்தின் கெட்டித்தனமும் உண்டு. கலப்பில் பிறந்தவள் ஈற்றுக்குப் பத்து குட்டி போடுவாள் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். என் மகளின் நர்ஸ் படிப்பே அவள் வயிற்றை நம்பித்தான் இருந்தது.

போட்டது நாலு. இரண்டு செத்தே பிறந்தன.

"இது மலட்டு ஜாதி. சந்தைக் கசாப்புக்காரனுக்கு ஆள் அனுப்பிட்டேன்" என்றார் மாமா.

"எந்த ஆணோட சேர்த்தீங்க?"

"நம்ம சீமைக்காரனோடதான்!"

"அவன் அவளோட அப்பன், மாமா!"

"அப்பன் வேற குலம்மா. அவன் பண்ணைக் குலம், இவ நம்ம வீட்டுக் குலம். என்ன தப்பு?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரே குலம் என்று தெரிந்தால் பெண் கேட்டு வரும் முன்பின் பார்த்திராத பையனைக்கூடத் துரத்தி விடுகிற மனுஷன் இவர்!

"எந்த ஊர்ல மாமா மகள அப்பனுக்கே கட்டி வைக்கிறாங்க? கலப்புல வந்த பலமெல்லாம் அதுலயே போச்சு. இன்னும் ஒரு ஈத்து பார்க்காம அவ மேல கத்தி வைக்க விடமாட்டேன்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் தோளிலும் அதே வெள்ளைப் பட்டை. மேடத்தோடு ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன்! மாமாதான் ஊர் ஊராகத் தம் சொந்தங்களுக்குக் குட்டிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறந்திருந்தார். அடுத்த ஊரில் போய்ப் பார்த்தால் இன்னொரு அண்ணன்.

"இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அவளுக்குப் பொறந்த வீடா மாமா?"

"நல்ல ரத்தம்னுதானே கொடுத்தேன்..." என்று முனகினார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுமையில்லை. மேல்மலை பிதாலியா அக்காவிடம் வேற்று வம்சத்தில் வந்த ஒரு நாட்டு ஆண் பன்றி இருந்தது. குட்டை, பரட்டை, மூஞ்சி முழுக்கச் சுருக்கம். கயிற்றைப் பிடித்து மேடத்தை நானே மலைமேல் ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் மாமா, "இந்த அழகனுக்கா நம்ம பொண்ணு?" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

மேடம் ஒன்பது போட்டாள். ஒன்றுகூடச் சாகவில்லை. முட்டி மோதிப் பால் குடிப்பதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி கேட்டு வந்த கசாப்புக்காரனை மாமாவே திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானை மாட்டியபடியே சொன்னார்:

"ஆண் குட்டி நாலையும் நாலு ஊர்ச் சொந்தத்துக்குப் பேசி வச்சுட்டேம்மா. எல்லாரும் இனம் பெருக்க வேணும்னு கேட்கிறாங்க. என் கைராசி அப்படி!"

"சரி மாமா, போயிட்டு வாங்க."

அவர் தலை மறைந்ததும் காயடிக்கிறவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.