கூரைக்கு யார் பதில்?

கூட்ட அறையின் கூரை ஒழுகத் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. துணைத் தலைவர்கள் நாங்கள் மூவரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டோம். கூரை எங்கள் யாருடைய துறையிலும் வராது.

புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் அம்மா, மேசையிலிருந்த எங்கள் பதவிப் பலகைகளை எடுத்து ஓரமாக வைத்தார்.

“இனிமே பதவிப்படி உக்கார வேண்டாம். கூரைக்கு யார் பதில் சொல்றீங்களோ, அவங்க ஒழுகுற இடத்துல உக்காருங்க.”

யாரும் அசையவில்லை. அவரே போய் உட்கார்ந்தார். தலையில் சொட்டியது. துடைக்காமல் கேட்டார்.

“போன வருஷ லாபத்துக்கு யார் காரணம்?”

மூன்று கைகள் உயர்ந்தன.

“ரொம்ப நல்லது. கையை இறக்காதீங்க. மேசைமேல ஏறி, அந்தக் கையாலேயே ஓட்டையைப் பொத்திக்கிட்டு நில்லுங்க.”

ஏறி நின்றோம். மறு கையால் மூவருமே கொத்தனாருக்குப் போன் போட்டோம்.