பதினொன்றுக்குள் கிளம்பிவிடவும்

...பதினொன்றுக்குள் என்றுதான் சொல்கிறார், இல்லை பத்தரைக்குள் என்றாரா, காற்று பாதி வார்த்தையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது, கோயில் கூரையில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து ஊர்த்தலைவர் ஹோங்கின் குரல் துண்டு துண்டாக வந்து விழுகிறது, "கடலு... பன்னெண்டு நாப்பதுக்கு உச்சம்... கோயில் வாசல்ல பஸ்ஸு நிக்குது... பதினொண்ணுக்குள்ள எல்லாரும்...", ஆமாம், பதினொன்று, அப்படியானால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, போதுமா, போதும், போதாமல் என்ன... ஜின்-யே தெரு நடுவில் நின்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பட்டியலை மறுபடி பார்த்தாள். இருபத்தாறு வீடுகள். இந்தத் தெருவுக்கு அவள்தான் பொறுப்பாளர், மூன்று வருடமாக. இருபத்துநான்கு வீடுகளுக்கு நேரே சிவப்பு டிக். மீதி இரண்டுதான், சூ அத்தை, அப்புறம் பான் ஷுய்-மு. முதல் வரியில் அவளுடைய வீடு, இரண்டு பேர், அதற்கும் டிக். அதைக் காலை ஏழு மணிக்கே போட்டாயிற்று. ஊர் அலுவலகத்தில் எழுத்தர் பெண் தலையை நிமிர்த்தாமல் "உங்க வீடு, அக்கா?" என்றபோது "கிளம்பியாச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. யார் கிளம்பியாயிற்று? அவள் கணவன் ஆ-லியாங் அந்நேரம் மீன்குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, மீனுக்கு மூச்சுக்காற்றைத் தண்ணீரில் கலக்கும் ஏரேட்டர்களின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பொய்தானே, பொறுப்பாளர் வீட்டிலேயே ஆள் அசையவில்லை என்று தெரிந்தால் மற்ற இருபத்தைந்து வீடும் எப்படி அசையும், ஊருக்காகத்தான் அந்த டிக்... ஊருக்காகவா?

"ஜின்-யே!" என்று மேலேயிருந்து கூ சகோதரர்களில் மூத்தவர் கத்தினார். டிக் போட்ட வீடு, இன்னும் மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். "நம்ம தலைவர் குடும்பப் பேரு ஹோங், அதுக்கு அர்த்தமே வெள்ளம்னுதானம்மா? பாவம், அந்த மனுசன் வேற எதைத்தான் அறிவிப்பாரு!" தம்பி வாயிலிருந்த தேநீரைச் சிந்திச் சிரித்தார். "சிரிங்கண்ணே, பஸ்ல சிரிங்க. சாப்பாட்டுப் பொட்டலம் முப்பதுதான் இருக்காம், முதல்ல போறவங்களுக்குத்தான்." அடுத்த நிமிடம் மாடிப்படியில் செருப்புச் சத்தம். இப்படித்தான், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தூண்டில், ஒவ்வொருவருக்கும் ஒரு இரை. கீழ்வீடுகளில் யாரும் இல்லை, யார் இருப்பார்கள், நிலம் இறங்க இறங்க அரசாங்கம் சாலையை மூன்று தடவை உயர்த்தி இப்போது கீழ்த்தளத்துச் சன்னல்கள் சாலையின் மட்டத்தில் கண்ணைத் திறந்து படுத்திருக்கின்றன. இறங்கியது ஏன்? குளத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று முப்பது வருடம் பூமிக்கடியிலிருந்து இறைத்தது யார்? எல்லோரும்தான். அவள் வீட்டு மோட்டாரும்தான்.

சூ அத்தை வீட்டுச் சாமிச்சிலையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், தலைமுடியை நேற்றுத்தான் சுருட்டியிருக்கிறாள், மழையில் கெட்டுவிடுமாம். "போன வருசமும் இப்படித்தான்டி இழுத்துக்கிட்டுப் போன. ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா? பள்ளிக்கூடத்துத் தரையில படுத்து என் இடுப்பு போனதுதான் மிச்சம்." "அத்தை, சாமி நனைஞ்சா பரவாயில்லையா?" சூ அத்தை சாமியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், எழுந்தாள். டிக். பஸ் படியில் ஏற்றிவிடும்போது அத்தை அவள் கையை அழுத்திப் பிடித்து, "ஆ-லியாங் உள்ள இருக்கானா?" என்றாள். "முன்னாடியே போயிட்டாருத்தை." எவ்வளவு சுலபமாக வருகிறது. பொய் சொல்லும்போது குரல் தடுமாறும் என்கிறார்களே, அவளுக்கு உண்மையைச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறது.

போன வருசமும் இப்படித்தான்... சூ அத்தை சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். போன வருடமும் இதே ஏழாம் மாதத்துப் பௌர்ணமி, இதே புயல் அறிவிப்பு, அவள் இதே மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு பான் அண்ணனின் தகரக் கொட்டகைக்குப் போய் அரைமணி நேரம் கெஞ்சினாள். அண்ணே, உயிரு இருந்தா மீன் வளர்த்துக்கலாம் அண்ணே. அவர் நம்பினார். அவள் சொன்னதற்காகவே வந்தார். கடல் வரவில்லை, மின்சாரம் போயிற்று, அவ்வளவுதான், ஏரேட்டர் நின்ற இரண்டு மணி நேரத்தில் ஒரு குளம் களவா மீன் முழுக்க வயிற்றைக் காட்டி மிதந்தது. மூன்று வருடம் வளர்த்த மீன். மறுநாள் அவர் வலையால் அவற்றை அள்ளிக் கரையில் குவித்துக்கொண்டேயிருந்தார், அடுத்த மாதம் அவர் மனைவி காவ்ஷியுங் நகரத்தில் மகன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பக்கத்துக் குளத்தில், அவளுடைய குளத்தில், ஒரு மீன்கூடச் சாகவில்லை. எப்படி என்று ஊர் கேட்டது. எங்க ஜெனரேட்டர் தானா ஓடிடும், புது மாதிரி, என்று அவள்தான் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். சனியன் பிடித்த அந்தப் பழைய ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஒருவர் நின்று கயிறு இழுத்தால்தான் ஓடும், உள்ளே ஒரு ஆள் இருந்தான், ஆ-லியாங் இருந்தான், ராத்திரி முழுக்க...

ஸ்கூட்டரைக் குளங்களுக்கு நடுவிலுள்ள கரைப்பாதையில் விட்டாள். காற்று பக்கவாட்டில் அடித்தது, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. பாதை பிரியும் இடம். இடது பக்கம் பான் அண்ணனின் கொட்டகை. வலது பக்கம் அவர்களுடைய குளம், நீல மழைக்கோட்டு, தூரத்தில் குனிந்து நிமிர்கிறது. மணி பதினொன்றாகப் பத்து நிமிடம். யாரை முதலில்? யாரை என்ன, பட்டியலில் டிக் இல்லாதவரைத்தானே, வேலை அதுதானே. ஆ-லியாங்கைக் கூப்பிட்டு என்ன பயன், அவன் கேட்கமாட்டான், மீனை விட்டுவிட்டு வருகிற ஆளா அவன், இருபது வருடமாகப் பார்க்கிறாளே, அவன் கேட்கவேமாட்டான்... ஸ்கூட்டர் இடது பக்கம் திரும்பியது.

பான் ஷுய்-மு கொட்டகை வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "வா. காத்தடிச்சாத்தான் இந்தப் பக்கம் உனக்கு வழி தெரியும் போல." "அண்ணே, இந்தத் தடவை நெஜம்ணே. கடல்ல அளவுகோல் வெச்சிருக்காங்க, இப்பவே போன வருசத்தைவிட ரெண்டடி மேல நிக்குதாம்." "போன வருசமும் நெஜம்னுதான் சொன்ன." ஒரு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் எங்கே போயிற்று, வாயில் மழைத்தண்ணீர்தான் இருக்கிறது. "உங்க மேல அக்கறையிலதான்..." "சரி, விடு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் புருசன் எங்க?" பஸ்ஸில் என்று சொல்லலாம். சூ அத்தையிடம் சொன்ன மாதிரி, எழுத்தர் பெண்ணிடம் சொன்ன மாதிரி. காற்று அந்த நேரம் பார்த்துத் திசை மாறியது, வலது பக்கத்திலிருந்து டக டக டக என்று ஜெனரேட்டர் சத்தம் தெளிவாக வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. பான் அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். குளத்துக்காரனுக்கு ஒவ்வொரு ஜெனரேட்டர் சத்தமும் தெரியும், பக்கத்து வீட்டு இருமல் மாதிரி. "அவரு... குளத்துலதான் இருக்காருண்ணே. லிஸ்ட்டுல போயாச்சுன்னு எழுதிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தாள். வலையை வீசி எறிவார் என்று நினைத்தாள். அவர் முடிச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார், அவருடைய கண்கள் எதையோ பின்னோக்கிக் கணக்குப் போடுவது தெரிந்தது, ஐயோ, வேண்டாம், அங்கே போகாதீங்க அண்ணே... "தானா ஓடிடும்னு சொன்னியே," என்றார் மெதுவாக. "புது மாதிரின்னு. போன வருசம்." அவள் பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏம்மா. அப்பவும் அவன் உள்ளதான் இருந்தானா?" அவள் தலையை ஆட்டினாளா, ஆட்டவில்லையா, அவளுக்கே தெரியவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முதிய மனிதரின் முகம் கோபமே இல்லாமல் இப்படிச் சுருங்கும் என்று அவள் அதுவரை பார்த்ததில்லை. கத்துங்கண்ணே, என்னை ஒரு அறை அறையுங்க, இப்படிப் பார்க்காதீங்க...

அவர் பார்வை அவளைத் தாண்டிக் கீழே போயிற்று. கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த வடிகால் வாய்க்காலில் ஒரு ரப்பர் செருப்பு மிதந்து வந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து ஊரை நோக்கி. "வாய்க்கா திரும்பி ஓடுது," என்றார் பான். கடற்சுவருக்கு மேலே வரும் என்றுதான் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது சத்தமில்லாமல் கீழிருந்து, காங்கிரீட் மூடிகளின் ஓட்டைகளிலிருந்து, குமிழ் குமிழாக வந்தது, பழுப்பாக, குளிராக, அவள் செருப்புக்கடியில் புகுந்து கணுக்காலைப் பிடித்தது. ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பான் கொட்டகைக்குள் ஓடி ஒரு கயிற்றுச் சுருளையும் மீன் அறுக்கும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தார். "நிக்காத! அவன் எந்தக் கரையில இருக்கான்? சொல்லுடி!"

கரைப்பாதை மறைந்துகொண்டிருந்தது, எது பாதை எது குளம் என்று கரையில் நட்டிருந்த குச்சிகளை வைத்துத்தான் தெரிந்தது. அவர் முன்னால் போனார், கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்பில், மறுமுனை அவள் மணிக்கட்டில். முழங்கால். தொடை. மீன்கள் கரையைத் தாண்டி அவர்கள் கால்களில் மோதிக்கொண்டு போயின, கனமாக, நிதானமாக, யாருடைய மீனோ, அவருடையதாகவும் இருக்கலாம், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னுடைய மீன்கள் போகின்றனவே என்று அவள் மனதில் ஒரு மூலை அப்போதும் எண்ணியது, என்ன மனம் இது... ஆ-லியாங் குளத்தைச் சுற்றி வலையை உயர்த்திக் கட்டியிருந்தான், மீன் போகாமலிருக்க. இப்போது அந்த வலை அவனைத்தான் பிடித்திருந்தது. மழைக்கோட்டும் ஒரு காலும் சிக்கி, தண்ணீர் மார்புக்கு மேல், ஒரு கையால் கம்பைப் பிடித்தபடி அவன் அவளைப் பார்த்தான், கத்தவில்லை, காற்றில் கத்தினாலும் கேட்டிருக்காது. எவ்வளவு நேரமாக இப்படி நிற்கிறான்? அவள் இடது பக்கம் திரும்பியபோதே சிக்கியிருந்தானா? பான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். வந்தார். மறுபடி போனார். மூன்றாவது முறை வர ரொம்ப நேரமாயிற்று, அவள் கயிற்றை இழுத்தாள், இழுத்தாள், பெயர் சொல்லிக் கத்தினாள், யார் பெயரை என்று நினைவில்லை. பிறகு வலை அறுந்து, இரண்டு தலைகள் அவளை நோக்கி வந்தன.

கடற்சுவர்ச் சாலை மட்டும்தான் மேலே நின்றது. அதில் ஏறி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு ராணுவ வண்டி வந்தது, உயரமான சக்கரங்கள், ஒரு சிப்பாய் கைகொடுத்து மூன்று பேரையும் தூக்கினான். வண்டிக்குள் தார்ப்பாயில் மழை அடிக்கும் சத்தம். ஊர் முழுவதும் ஒரே குளமாகிவிட்டது, கூ சகோதரர்களின் மாடியில் அவர்கள் அவசரத்தில் விட்டுப்போன தேநீர்க் கெண்டி தெரிந்தது. அவள் கையில் பட்டியல் இன்னும் இருந்தது, உறைக்குள் தண்ணீர் புகுந்து சிவப்பு மை எல்லா வீட்டின் மேலும் ஒழுகியிருந்தது. பான் அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? அவர் அவளைப் பார்க்கவில்லை, இனி எப்போதாவது பார்ப்பாரா என்றும் தெரியவில்லை, ஆ-லியாங்கின் காலில் கத்தி கீறிய இடத்தைத் தன் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் அவன் தொடையில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். "ஏண்டா, உயிரைவிட மீனு பெருசாடா உனக்கு? ஊரையே கூப்பிடுறா உன் பொண்டாட்டி. அவ சொன்னாக்கூடக் கேக்கமாட்டியா?"

ஆ-லியாங் முகத்தை வழித்துக்கொண்டான். குளிரில் பற்கள் தாளம் போட்டன. குறை சொல்கிற குரல் இல்லை அது, கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்தான். "அவ எங்கண்ணே சொன்னா?"

சொன்னேனே, என்று சட்டென்று வாய் திறந்தாள். சொன்னாளே, காலையில், விடியும்போது, அவன் வாசலில் குனிந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கதவுக்குப் பின்னால் நின்று... அவன் ஒரு நிமிடம் பூட்ஸைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, எதற்கு உட்கார்ந்திருந்தான், எதைக் கேட்கக் காத்திருந்தான், அப்போதுதானே அவள் சொன்னது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையும், "டீசல் போதுமா, இன்னொரு கேன் எடுத்துட்டுப் போறியா?" என்று. அதற்கு முன்னால் ஏதோ சொன்னாளே. அதற்குப் பின்னால்? போன வருடம்? வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவள் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த விடியலை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து தேடத் தொடங்கினாள்.